பாலத்தில் நின்றவர்

மட்டக்களப்பு ஒல்லாந்தர் கோட்டையின் உட்சுவரில், வாவியைப் பார்த்த பக்கமாக, தலை உயரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. காரை பெயர்ந்து விழுந்த இடம். சரித்திர நாடகம் எடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர்களிடம், கண்டி அரசனின் ஆட்கள் சுட்ட பீரங்கிக் குண்டு பட்ட இடம் அது என்றார் அவர். பாட்டுக் காட்சி எடுக்க வந்த சென்னைக்காரர்களிடம், கோட்டைத் தளபதியின் மகள் தோணியில் வரும் காதலனுக்காக விளக்கு வைத்த மாடம் என்றார். அடிமை வணிகத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த ஓர் ஐரோப்பியப் பெண்ணுக்கு, அதே பள்ளம் கைதிகளைக் கட்டிவைத்த இரும்பு வளையத்தைப் பிடுங்கிய இடமாயிற்று. எல்லாக் கதைகளையும் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். சிலதை மொழிபெயர்த்தும் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பள்ளத்தைப் படம் பிடித்துக்கொண்டு திருப்தியாகப் போனார்கள்.

அவர் ஓட்டோ ஓட்டுபவர். சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு எங்கள் ஊருக்குப் படமெடுப்பவர்கள் வரத் தொடங்கினார்கள். கோட்டை, பாலமீன்மடு வெளிச்சவீடு, பழைய கல்லடிப் பாலம் என்று அவர்கள் கேட்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். எனக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும் என்பதால் அனுமதி எடுத்துக் கொடுப்பதும் மொழிபெயர்ப்பதும் என் தொழிலாயிற்று. சந்து பொந்தெல்லாம் நுழைந்து போக ஒரு ஓட்டோ வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் அவரைத்தான் கூப்பிடுவேன். நேரத்துக்கு வருவார். புகைக்க மாட்டார். படக்காரர்கள் எத்தனை மணித்தியாலம் காக்க வைத்தாலும் முகம் சுளிக்க மாட்டார்.

ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். என்ன வெயிலிலும் சட்டையின் மேல் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். தாழ்ந்த குரல். பொய் சொல்பவர்கள் கையை ஆட்டிப் பேசுவார்கள், கண்ணை அங்குமிங்கும் ஓட விடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர் அப்படியெல்லாம் செய்யவில்லை. முதலில் கேட்பவரின் முகத்தைச் சற்று நேரம் பார்ப்பார். என்ன தேடி வந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அதில் தெரிந்துவிடும். பிறகு மெதுவாகத் தொடங்குவார். ஒவ்வொரு கதையிலும் யாருக்கும் தேவையில்லாத ஒரு சின்ன விஷயம் இருக்கும். தளபதியின் மகள் விளக்குக்கு இலுப்பெண்ணெய்தான் ஊற்றுவாள், தேங்காயெண்ணெய் அவளுக்குத் தும்மல் வரவழைக்கும் என்றார். அந்தத் தும்மலுக்குப் பிறகு சென்னை இயக்குநர் எதையும் சந்தேகிக்கவில்லை.

ஒருநாள் கேட்டேன்.

"ஏன் அண்ணன் ஆளுக்கொரு கதை சொல்றீங்க?"

"இஞ்ச பாருகா தங்கச்சி. அவங்க எவ்வளவு தூரத்தில இருந்து வாறாங்க. மழைக்குக் காரை விழுந்து போச்சு எண்டு சொல்லி அனுப்பட்டா? வந்த மனிசர வெறுங்கையோட அனுப்பேலா."

"அப்ப உண்மை?"

"உண்மையச் சொல்லுறதுக்கு ஒல்லாந்தன் வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

இந்தக் கதைகளால் அவருக்கு எந்த இலாபமும் இல்லை. தன்னைப் பற்றியும் பெருமையாக எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டார். கேட்டவரின் முகம் மலர்ந்தால் போதும். அத்தோடு அவர் வேலை முடிந்தது. போய் ஓட்டோவில் உட்கார்ந்து விடுவார்.

வெளிச்சவீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்த ஒரு சோடியை அங்கே படம் எடுக்கக் கூட்டிப் போனோம். வழியில் இருவருக்கும் ஏதோ வாக்குவாதம். மணமகளின் கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, படம் எடுக்க வந்த பையன் என்னைப் பார்த்துக் கையை விரித்தான். அவர் மெல்ல ஓட்டோவை விட்டு இறங்கி வந்தார்.

"புள்ளயள், வந்ததுக்கு அந்தச் சுவரில கையையாவது வச்சித்துப் போங்க. முந்திக் கப்பலேறுற ஆக்கள் அப்பிடித்தான் செய்யிற. புருசனும் பொஞ்சாதியும் ரெண்டு கையையும் சுவரில வைக்கிற. ஆர் முதல்ல கையை எடுக்கிறாங்களோ, அவங்கதான் வாழ்நாள் முழுக்க விட்டுக் குடுக்க வேணும்."

மணமகள் முதலில் போய்க் கையை வைத்தாள். மாப்பிள்ளையும் வைத்தார். இருவரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பையனுக்கு நல்ல படங்கள் கிடைத்தன.

சில வருடங்களில், அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பூச்சு மங்கி, எண்ணெய்ப் பசையோடு கைத்தடங்கள் தெரியத் தொடங்கின. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வந்த ஓர் ஆசிரியை, இது ஒல்லாந்தர் காலத்து வழக்கம் என்று எனக்கே விளக்கினார். நான் அதை அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்பிடியாகா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். நடித்தாரா, மறந்துவிட்டாரா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

அவருடைய இந்தப் பழக்கம் படக்காரர்களோடு நின்றுவிடவில்லை. என் அப்பா இறந்தபோது அவர் செத்த வீட்டுக்கு வந்தார். அம்மாவின் முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். போன மாதம் அப்பா தன்னுடைய ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், வழியில், "என்ட மனிசி இல்லாட்டி நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பன், அத அவளுக்கு நான் ஒரு நாளும் சொல்லல்ல" என்று தன்னிடம் சொன்னதாகவும் அம்மாவிடம் கூறினார். சொல்லும்போது அப்பா ஒரு இளநீர் குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாராம். அம்மா அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதா. அப்பா ஒருநாளும் அவருடைய ஓட்டோவில் ஏறியதில்லை. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அப்பா அப்படிப் பேசும் மனிதரும் அல்ல. அம்மா இப்போதும் வீட்டுக்கு வருபவர்களிடம் அந்த இளநீர்க் கதையைச் சொல்லுவா. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு அவர் மேல் நன்றியும், கூடவே ஒரு வகைப் பயமும் வரும். இவரால் எதைத்தான் நம்ப வைக்க முடியாது?

கனடாவில் வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர் வந்தது அதற்குப் பிறகு. எங்கள் ஊரின் பழைய கட்டடங்கள் எதையெல்லாம் கண்டிருக்கின்றன என்று ஒரு படம் எடுக்க வந்திருந்தார். பெற்றோரின் ஊர் இது. தமிழ் அரைகுறையாக விளங்கும், பேச வராது. கோட்டையையும் வெளிச்சவீட்டையும் எடுத்து முடித்து, கடைசியாகப் பழைய கல்லடிப் பாலத்துக்கு வந்தோம். பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு, வாவிக்குக் குறுக்கே கடலோரக் கல்லடியை நகரத்தோடு இணைக்கும் அந்த இரும்புப் பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் என்றாகிவிட்டது. மாலை வெளிச்சம் கம்பிகளுக்கூடாக விழுந்துகொண்டிருந்தது. இளைஞர், கரையில் நின்ற ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு, கமராவுக்கு முன்னால் நிற்கச் சொன்னார்.

"சுனாமி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள்" என்றார் என்னிடம்.

கேட்டேன். அவர் இளைஞரின் முகத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தார் என்பது பிறகுதான் என் நினைவுக்கு வந்தது.

"இஞ்சதான் நிண்டன்" என்றார். "டவுன் பக்கத்துக் கரையில, ஓட்டோவோட. சனம் கல்லடியில இருந்து பாலத்தால ஓடி வருது. அதுக்குள்ள ஒரு பொம்புளப் புள்ள. ஒரு பத்து வயசிருக்கும். ஆருமில்ல, தனிய. காலில ஒண்டுமில்ல. செருப்பைக் கழட்டி, ரெண்டையும் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சித்து ஓடி வருது. புதுச் செருப்புப் போல. நனையக்கூடா எண்டு நினைச்சிருக்கும். கரைக்கு வந்து ஏறித்து. ஏறி, ஒருக்காக் கிறுகித் திரும்பிப் பாத்தா. நான் கூப்பிட்டன். மறுகா சனத்துக்குள்ள ஆளக் காணல்ல. ஆனா கரைக்கு வந்திட்டா. அத நான் கண்டன்."

இளைஞர் அழுதார். கமராவைப் பிடித்திருந்தவர் அசையாமல் நின்றார். நான் வசனம் வசனமாக மொழிபெயர்த்துக் கொடுத்தேன். இதுவரை அவர் சொன்னதெல்லாம் செத்து மண்ணாய்ப் போனவர்களைப் பற்றியவை. இது அப்படியல்ல என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. இது உண்மையாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நாளைப் பற்றிச் சொல்ல எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஏதாவது இருக்கிறது.

படம் முடிந்து, நகரத்தில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். பிறகு கைத்தொலைபேசிகளில் சுற்றியது. அந்தச் செருப்புக் கதை வரும் காட்சித் துண்டைத் தனியாக வெட்டி ஆளுக்காள் அனுப்பினார்கள்.

ஒருநாள் காலையில் அவர் எனக்கு அழைத்தார். "தங்கச்சி, மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு ஒருக்கா வாகா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் போனபோது, ஓட்டோவின் பின் ஆசனத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தா. அறுபது வயதிருக்கும். கல்லடிக்கு அப்பால், கடலோர நாவலடிப் பக்கத்தைச் சேர்ந்தவ. மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறிய புகைப்படம். அவர் ஓட்டோவுக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"நத்தார்ப் பெருநாளுக்கு வாங்கின செருப்பு, புள்ள" என்றா அந்த அம்மா என்னைப் பார்த்ததும். "அடுத்த நாள்தானே கடல் வந்த. நத்தார் முழு நாளும் அத காலில போடாம கையிலதான் வச்சித்துத் திரிஞ்சவ. மண்ணில வைக்க மாட்டா. நான் ஏசினனான். எல்லார்ட உடம்பையும் எடுத்த, என்ட மனிசன எடுத்த, மகன எடுத்த. அவள மட்டும் எடுக்கல்ல. இவ்வளவு காலமும் கடல்தான் கொண்டு போயித்து எண்டு இருந்தன். இந்தத் தம்பி கண்டிருக்கார். கரைக்கு வந்திருக்கா."

புகைப்படத்தை அவரிடம் நீட்டினா. "வடிவாப் பாருங்க தம்பி. இந்த முகந்தானே?"

அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்கு என்ன வேண்டும் என்பது எனக்கே தெரிந்தது. ஒரு 'ஓம்' போதும். அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா" என்றார். "அது பொய்யக்கா. நான் அண்டைக்குப் பாலத்தில நிக்கல்ல. படக்காரத் தம்பி கேட்டதுக்காகச் சொன்னன். அப்பிடி ஒரு புள்ளயும் இல்ல."

அந்த அம்மா சிரித்தா. கோபமில்லாத, பொறுமையான சிரிப்பு.

"பொய்யில செருப்பு எப்பிடித் தம்பி வரும்?"

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அந்த அம்மா விடவில்லை.

"ஆருக்கோ பயந்து மறைக்கிறீங்க. விளங்குது. பொலிசுக்கெல்லாம் நான் போக மாட்டன். அவ எந்தப் பக்கம் போனா எண்டு மட்டும் சொல்லுங்க, நான் தேடிக்கிறன்."

அவர் மறுபடி மறுபடி இல்லையென்று சொன்னார். சத்தியம் செய்தார். அந்த அம்மா புகைப்படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, டவுன் பக்கத்துக் கரையில் பாலத்துக்கு எதிரேயுள்ள முதல் வீட்டுக்குத் தன்னைக் கொண்டுபோய் விடும்படி கேட்டா. அவர் ஓட்டோவில் ஏறினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

அன்று தொடங்கியது மாதக்கணக்கில் நீண்டது. கரையோரத்து வீடுகள், பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இல்லங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள், அன்றைக்கு அகதிகளைத் தங்க வைத்த பாடசாலைகள். ஏறாவூர் வரை போனார்கள். சில நாட்கள் நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒன்றுதான் நடந்தது. அந்த அம்மா புகைப்படத்தைக் காட்டி, "இந்தத் தம்பி கண்டவர்" என்பா. அவர் பின்னால் நின்று, "நான் காணல்ல" என்பார். வீட்டுக்காரர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். எல்லோரும் அந்தத் துண்டைத் தொலைபேசியில் பார்த்திருந்தார்கள். அவர் இப்போது சொன்னதை நம்பாமல், அவர் முன்பு சொன்னதைத்தான் நம்பினார்கள். ஒரு வீட்டில் ஒரு முதியவர் அவரை ஓரமாக அழைத்து, "அந்தத் தாயோட விளையாடாத, தெரிஞ்சதச் சொல்லு" என்று ஏசினார்.

அவர் இளைத்துப் போனார். படப்பிடிப்புக்குக் கூப்பிட்டால் வருவார். யாராவது எதையாவது கேட்டால் ஓட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் என்னிடம், "அந்தத் துண்ட வெட்டி எடுக்கச் சொல்லுகா" என்றார். நான் கனடாவுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். இளைஞர், அந்தக் காட்சிதான் படத்தின் உயிர் என்றார். பிறகு, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், எடுத்துவிடுகிறேன் என்றார்.

அதற்குள் கோட்டைமுனைப் பக்கம் ஒரு பெண் புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டா. அந்த நேரத்தில் ஒரு சிறுமியைக் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் காரில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்வி. கையில் செருப்பு இருந்ததாம். அதையும் கைத்தொலைபேசியில் இருந்துதான் அந்தப் பெண் எடுத்திருக்க வேண்டும்; தான் கேள்விப்பட்டதாகவே உறுதியாக நம்பினா. நாவலடி அம்மா கொழும்புக்குப் போகத் துணிமணி அடுக்கத் தொடங்கினா. கொழும்பில் யாரையும் தெரியாது. சிங்களம் தெரியாது. இருந்த ஒரே காணித் துண்டை விற்பதற்கும் ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னா.

அன்று அவர் அந்த அம்மாவை நகரத்துக்குக் கூட்டிப் போகவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு, வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓட்டினார். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் அவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. கடல் அந்தப் பக்கம் வந்ததேயில்லை. இரு பக்கமும் வயல்.

அவருடைய மனைவி முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தா. பருத்த, கறாரான முகமுள்ள பெண். நாங்கள் யார் என்பதைக் கேட்டு, உட்காரக் கதிரை எடுத்துப் போட்டா. அவர் முற்றத்திலேயே நின்றார்.

"கடல் வந்த அண்டைக்கு நான் எங்க இருந்தன் எண்டு இவங்களுக்குச் சொல்லு" என்றார்.

மனைவி அவரைப் பார்த்தா. "இப்ப என்னத்துக்கு?"

"சொல்லன்."

"எங்க இருந்த? இஞ்சதான்!" குரல் உயர்ந்தது. "நத்தாருக்குக் கூட்டாளிமாரோட குடிச்சித்து, அந்தா அந்த அறைக்குள்ள படுத்துக் கிடந்தார். சனம் கத்திக்கொண்டு ரோட்டால ஓடுது. நான் தட்டித் தட்டி எழுப்புறன், ஆள் அசையல்ல. என்ட தங்கச்சி கல்லடியில. நான் தனியத்தான் ஓடினன். தோணிக்காரன்ட காலில விழுந்து ஆத்தக் கடந்து போனன். அவளையும் புள்ளயையும் ஆஸ்பத்திரி விறாந்தையில கண்டுபிடிச்சு, ரெண்டு பேரையும் வெள்ளத் துணியால மூடித்து வீட்டுக்கு வாறன், பொழுது பட்டுப் போச்சு. இவர் ஒழும்பிக் குந்தியிருந்து கேக்கிறார், 'என்ன, ஊரில ஒரே சத்தமாக் கிடந்த?' எண்டு."

மிளகாயைக் கையால் பரவிவிட்டுத் தொடர்ந்தா.

"அண்டையில இருந்து இவர் குடிக்கிறயில்ல. அது வேற கதை. ஆனா ஆரும் அந்த நாளப் பத்திக் கதைக்கத் தொடங்கினா, ஒழும்பிப் போயிருவார். என்னத்தச் சொல்லுற? படுத்துக் கிடந்தன் எண்டா?"

அவர் தலை குனிந்து நின்றார். எனக்கு அந்த மாலையும், அந்த இளைஞரின் முகமும், அவர் பதில் சொல்லப் பிந்தியதும் நினைவுக்கு வந்தன. அன்று அவர் அந்த இளைஞருக்காகத்தான் அந்தச் சிறுமியை உண்டாக்கினார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நாவலடி அம்மா மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அந்தக் கோபத்தில் யாரையும் ஆறுதல்படுத்தும் நோக்கம் இல்லை. அவ நம்பியது அதனால்தான் என்று நினைக்கிறேன். குடிக்கத் தண்ணீர் கேட்டா. குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தா.

"அப்ப என்ட புள்ள பாலத்துக்கு வரல்ல" என்றா.

அவர், "எனக்குத் தெரியாதக்கா" என்றார். "வந்தாவோ வரல்லயோ, எனக்குத் தெரியா."

அந்த அம்மா அழவில்லை. மனைவிதான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டா. புறப்படும்போது ஒரு பையில் கத்தரிக்காயும் மிளகாயும் போட்டு அந்த அம்மாவின் கையில் கொடுத்து, "கொழும்புக்குப் போகாதீங்க அக்கா" என்று மட்டும் சொன்னா. அந்த அம்மா தலையசைத்தா.

திரும்பி நகரத்துக்கு வந்ததும், நாவலடிக்குப் போகப் புதிய பாலத்தில் ஏறப் போனவரை அந்த அம்மா தோளில் தட்டி நிறுத்தினா.

"பழைய பாலத்தடியில விடு. நடந்து போறன்."

நிறுத்தினார். அந்த அம்மா இறங்கி, பையை என்னிடம் தந்தா. பாலத்தின் தொடக்கத்தில் சற்று நேரம் நின்றா. பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தா.

"நீயும் வா. கதைக்காம வா."

அவர் ஓட்டோவிலிருந்து இறங்கி அவவுக்குப் பின்னால் போனார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். சைக்கிளில் பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு இருவரையும் விலகிப் போனார்கள். பாலத்தின் நடுவில் அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தா. அவரும் நின்றார். கீழே ஒருவன் தோணியில் இருந்து வலை வீசிக்கொண்டிருந்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த வலையைப் பற்றி அவரிடம் ஒரு கதை இருந்திருக்கும். அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இருவரும் கல்லடிக் கரை வரை போனார்கள். அங்கே நிற்காமல் திரும்பி, டவுன் பக்கத்துக்கே மறுபடி நடந்து வந்தார்கள். இம்முறை அந்த அம்மா கொஞ்சம் வேகமாக நடந்தா. அவர் அதே இடைவெளியில் பின்னால் வந்தார்.

என்னருகில் வந்ததும் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பையை வாங்கிக்கொண்டா.

"படக்காரத் தம்பி அந்தத் துண்ட வெட்டப் போறானாமே. இவர் முந்திச் சொன்னார்."

"ஓமம்மா. இன்னும் வெட்டல்ல. இந்தக் கிழமைக்குள்ள எடுத்திருவார்."

"வேணாமெண்டு சொல்லு, புள்ள."

நான் அவரைப் பார்த்தேன். அவர் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொய்யெண்டு இப்ப எனக்குத் தெரியும்" என்றா அந்த அம்மா. "தெரிஞ்சிதான் சொல்லுறன். அதிலயாவது அவ கரைக்கு வரட்டும்."

சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தா. அவர் ஓட்டோவை ஸ்டார்ட் செய்து, நாவலடிப் பக்கம் திருப்பினார்.